கேளுங்க சொல்றேன்: 25 பாயின்ட் கணக்கும் அப்பா பிள்ளை கோச்சும்

போன இதழ்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி ஓரமா நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. முக்கால்வாசி அயோவா டீம் பத்திதான். அங்க பிள்ளைங்களைப் படிக்க அனுப்புனவங்க இவ்ளோ பேர் நம்ம வாசகர்களா இருக்கீங்கன்னு இப்பதான் தெரியுது. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், ஆட்டமே பார்க்காதவங்களுக்கும் புரியணும்னு நடுநடுவுல கொஞ்சம் வகுப்பும் எடுப்பேன், பொறுத்துக்குங்க.

கேள்வி: என் பையன் 2023ல அயோவா சிட்டிக்கு எம்எஸ் படிக்கப் போனான். அந்த வருஷம் அவங்க யுனிவர்சிட்டி டீம் 10 மேட்ச் ஜெயிச்சுதாம். ஆனா போன் பண்ணா "ஆஃபென்ஸ் கேவலம்மா, அந்த பிரையனைத் தூக்கணும்"னு ஒரே புலம்பல். ஜெயிக்கிற டீமை எதுக்குங்க திட்டணும்?
(ஓர் அம்மா, கோயம்புத்தூர்)

பதில்: பையன் சொன்னது சரிதாங்கம்மா. பிரையன்ங்கிறது அந்த ஆஃபென்ஸை நடத்துன கோச், அவர் கதை அடுத்த பதில்ல வருது. இந்த ஆட்டத்துல ஒரு டீம்னா உள்ளுக்குள்ள அது மூணு டீம். பந்தைக் கையில வெச்சுக்கிட்டு முன்னேறுறது ஆஃபென்ஸ், எதிராளியைத் தடுக்கிறது டிஃபென்ஸ், உதைக்கிற வேலைக்குன்னு தனியா ஸ்பெஷல் டீம்ஸ். மூணுக்கும் வேற வேற ஆளுங்க, வேற வேற கோச். ஆஃபென்ஸுக்கு நாலு தடவை சான்ஸ், அதைத்தான் டவுன்னு சொல்றது, அதுக்குள்ள 10 யார்டு நகர்ந்துட்டா மறுபடி நாலு சான்ஸ். நகர முடியலன்னா பெரும்பாலும் நாலாவது டவுன்ல பந்தைத் தூரமா உதைச்சு எதிராளி கிட்டயே குடுத்துருவாங்க, அதுக்குப் பேரு பன்ட்.

அயோவாவுக்கு அந்த வருஷம் டிஃபென்ஸ் பிரமாதம், அதை நடத்துன ஃபில் பார்க்கருக்கு நாட்டுலயே சிறந்த அசிஸ்டென்ட் கோச்சுக்கான பிராய்ல்ஸ் அவார்டே குடுத்தாங்க. ஆனா ஆஃபென்ஸ் ஒரு மேட்சுக்கு சராசரி 234.6 யார்டு. மேல்மட்டத்துல ஆடுற 133 காலேஜ்ல அதுதான் கடைசி. 10 ஜெயிச்சு 4 தோத்தாங்க, அந்தத் தோத்த நாலையும் கொஞ்சம் பாருங்க: பென் ஸ்டேட் கிட்ட 31-0, மின்னசோட்டா கிட்ட 12-10, கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள்ள ஆடுற காலேஜ்களோட குழு) ஃபைனல்ல மிச்சிகன் கிட்ட 26-0, கடைசில டென்னசி கிட்ட 35-0. நாலு மேட்சுக்கும் சேர்த்து மொத்தமே 10 பாயின்ட்! கட்டடம் முழுக்க ஒரே தூண்ல நிக்குது, உள்ள குடியிருக்கிறவனுக்குத்தானே அந்த பயம் தெரியும், உங்க பையன் புலம்பாம என்ன செய்வான்.

இதுக்கு முந்தின வருஷம் இன்னும் தமாஷ். 2022 சீசனோட முதல் மேட்ச், சவுத் டகோட்டா ஸ்டேட் கூட, நம்மூருக்கு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிக்குது, நான் டீ எல்லாம் போட்டு வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அயோவா 7-3னு ஜெயிச்சாங்க. 7னா ஒரு டச்டவுன் (பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போறது, 6) போட்டு எக்ஸ்ட்ரா கிக் (1) அடிச்சிருப்பாங்கன்னுதானே நினைப்போம்? அதான் இல்ல. கம்பங்களுக்கு நடுவுல பந்தை உதைச்சு ஒரு ஃபீல்ட் கோல், அது 3. எதிராளியை அவன் எல்லைக்குள்ளயே ரெண்டு தடவை மடக்கினதுக்கு ரெண்டு சேஃப்டி, அது 4. டச்டவுனே இல்லாம 7. அன்னைக்கு நான் தூக்கத்தைக் கெடுத்ததுக்கு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

கேள்வி: கோச்சுக்கு "மேட்சுக்கு 25 பாயின்ட் எடுத்தாதான் வேலை"ன்னு கான்ட்ராக்ட்லயே எழுதினாங்களாமே, நிஜமா சார்? எங்க ஆபீஸ் சேல்ஸ் டார்கெட் மாதிரியே இருக்கு.
(சேல்ஸ்ல இருக்கும் வாசகர், சேலம்)

பதில்: நிஜந்தான். ஹெட் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ், 1999ல இருந்து அங்கதான் இருக்கார். அவர் பையன் பிரையன் ஃபெரன்ட்ஸ் 2017ல இருந்து ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது என்ன பிளே ஆடணும்னு முடிவு பண்ற ஆள். 2022ல சராசரி 17.7 பாயின்ட்தான், யார்டுல 131 டீம்ல 130வது இடம். ஜனங்க கொதிச்சுப் போனதும் 2023 பிப்ரவரில கான்ட்ராக்ட்டை மாத்தினாங்க. சம்பளம் 9 லட்சம் டாலர்ல இருந்து எட்டரை லட்சம் ஆச்சு, மேட்சுக்கு சராசரி 25 பாயின்ட் எடுக்கணும், 7 மேட்சாவது ஜெயிக்கணும்னு கண்டிஷன்.

இதுல கூத்து என்னன்னா அந்த 25ல டிஃபென்ஸ் எடுக்கிற பாயின்ட்டும் சேரும்! கிரிக்கெட்ல வைடு, நோபால், பைஸ் எல்லாத்தையும் பேட்ஸ்மேன் கணக்குல எழுதி "பாரு, செஞ்சுரி"ன்னு சொல்ற மாதிரி. 2022ல ரட்கர்ஸ் மேட்சை எடுத்துக்குங்க, 27-10னு அயோவா ஜெயிச்சுது, 25ஐத் தாண்டியாச்சு, ஆனா அதுல ரெண்டு டச்டவுன் டிஃபென்ஸ் பந்தைப் பிடுங்கிக்கிட்டு ஓடிப் போட்டது. அந்த சீசன் கடைசி மேட்ச்ல கென்டக்கியை 21-0னு அடிச்சாங்களே, அதுலயும் மூணு டச்டவுன்ல ரெண்டு டிஃபென்ஸோடது. கான்ட்ராக்ட் கணக்குல பார்த்தா பிரையனுக்கு அன்னைக்குப் பாஸ் மார்க்குக்குக் கிட்டத்துல இருக்கும், ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும் என்ன நடந்துச்சுன்னு.

அவ்ளோ சலுகை இருந்தும் 2023ல 15.4தான் வந்துச்சு, அது வேற விஷயம். 6 ஜெயிச்சு 2 தோத்திருந்த நேரத்துல, அக்டோபர் 30ஆம் தேதி, இந்த சீசனோட பிரையன் கிளம்புறார்னு யுனிவர்சிட்டி தரப்புல பெத் கெட்ஸ், அப்ப அவங்க தற்காலிக அத்லெடிக் டைரக்டர், அதாவது விளையாட்டுப் பிரிவுத் தலைவர், அறிவிச்சுட்டாங்க. மிச்ச மேட்ச் எல்லாத்துக்கும் அவரேதான் பிளே கூப்பிட்டார். வேலை போயிருச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம் இன்னும் ரெண்டு மாசம் அதே சீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறது எவ்ளோ கஷ்டம்னு சேல்ஸ்காரரான உங்களுக்கு நான் சொல்லணுமா.

கேள்வி: எனக்கு என்னமோ கோச் மேல பழி போடுறது தப்புன்னு தோணுது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அயோவா மாதிரி சோளக்காட்டு ஊருக்கு நல்ல பிளேயர் வர்றதில்ல, அவ்ளோதானே?
(வாசகர், மதுரை)

பதில்: அண்ணே, சட்டியில இருந்துச்சு. அகப்பைதான் ஓட்டை.

சார்லி ஜோன்ஸ்னு ஒரு பையன். 2021ல அயோவாவுல ரிசீவரா ஆடி அந்த சீசன் முழுக்க 21 பந்து பிடிச்சான். அடுத்த வருஷம் இண்டியானாவுல இருக்கிற பர்டியூ யுனிவர்சிட்டிக்கு மாறினான். அதே பையன், அதே கை கால், அதே கான்ஃபரன்ஸ். 110 கேட்ச்! ஒரே வருஷத்துல யாரும் அஞ்சு மடங்கு திறமைசாலி ஆகிட மாட்டாங்கல்ல. ஒரு கோச்சிங் ஸ்டாஃபை எடை போட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியல: அவங்க கிட்ட இருந்து கிளம்பிப் போனவன் போன இடத்துல என்ன பண்றான்னு பாருங்க. சாம் லபோர்ட்டான்னு இன்னொருத்தர், 2022 வரைக்கும் அந்த ஆஃபென்ஸ்ல டைட் எண்டா (எதிராளியைத் தடுக்கவும் செய்வார், பந்தும் பிடிப்பார்) இருந்தவர், 2023ல டெட்ராய்ட் லயன்ஸ்க்குப் போய் என்எஃப்எல்ல, அதாவது சம்பளத்துக்கு ஆடுற பெரிய லீக்ல, முதல் வருஷமே 86 கேட்ச், 10 டச்டவுன். அப்படிப்பட்ட ஆளைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் 130வது இடம்.

இன்னொண்ணு, 2022ல குவார்ட்டர்பேக்குகளுக்கு, அதாவது பந்தை எறியுற முக்கிய ஆளுங்களுக்கு, பயிற்சி குடுக்கிற வேலையையும் பிரையனே எடுத்துக்கிட்டார். அவர் ஆடின காலத்துல ஆஃபென்சிவ் லைன்ல, எதிராளியைத் தள்ளித் தடுக்கிற முன் வரிசையில, நின்னவர், கோச்சா இருந்ததும் லைனுக்கும் டைட் எண்டுக்கும்தான். தவில் வாசிக்கிறவர் நாதஸ்வரம் சொல்லித்தரவே கூடாதுன்னு நான் சொல்லல, ஆனா கச்சேரி சரியில்லன்னா முதல்ல அங்கதான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க.

சரி, அந்தாளுக்கு நியாயமாவும் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன், இல்லன்னா எனக்கே உறுத்தும். இதே பிரையன் முதல் வருஷமே, 2017 நவம்பர்ல, ஒஹையோ ஸ்டேட்டை 55-24னு போட்டுத் தள்ளினவர். அன்னைக்கு டீம்ல இருந்த ஹாக்கன்சன், ஃபேன்ட் ரெண்டு டைட் எண்டும் 2019 டிராஃப்ட்ல (என்எஃப்எல் டீமுங்க காலேஜ் பிளேயர்களைத் தேர்ந்தெடுக்கிறது) முதல் ரவுண்ட்லயே போனாங்க. 2023ல மிச்சிகன்ல இருந்து ஆசையா கூட்டிட்டு வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்னமாரா செப்டம்பர் கடைசிலயே முட்டி போய் உட்கார்ந்துட்டார், நல்ல டைட் எண்ட் ரெண்டு பேரும் அடுத்தடுத்து அடிபட்டாங்க. ஆக 2023ஐ மட்டும் வெச்சு அவருக்குத் தீர்ப்பு எழுதினா அது அநியாயம். நான் எழுதுறது 2022ஐ வெச்சு.

கேள்வி: தப்பு பையன் மேலயா அப்பா மேலயா? நேரா சொல்லுங்க.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: நேரா சொன்னா அப்பா மேல. பிளே கூப்பிட்டது பையன், ஆனா எப்படிப்பட்ட ஆட்டம் ஆடணும்னு முடிவு பண்ணது அப்பா. கர்க்குக்கு ரிஸ்க் பிடிக்காது, பந்தைத் தொலைக்காதே, முடியலன்னா பன்ட் அடி, மிச்சத்தை டிஃபென்ஸ் பார்த்துக்கும். நாலாவது டவுன்ல ஒரு யார்டுதான் பாக்கி, மைதானத்துக்கு நடுவுல நிக்கிறாங்க, போகலாமா உதைக்கலாமான்னு முடிவு பண்றது எந்த டீம்லயும் ஹெட் கோச்தான். கோஆர்டினேட்டரைத் திட்டுறவங்க பாதி நேரம் ஹெட் கோச் பேர்ல இருக்கிற கடனைத்தான் அவர் கிட்ட வசூல் பண்றாங்க.

2023ல அந்த டீமோட பெரிய ஹீரோ யாருன்னு நினைக்கிறீங்க? பன்ட் அடிக்கிற டோரி டெய்லர், மெல்போர்ன்ல இருந்து வந்த ஆஸ்திரேலியப் பையன். அந்த ஒரே சீசன்ல 93 பன்ட், மொத்தம் 4,479 யார்டு உதைச்சார், 1938ல இருந்து நின்னுட்டு இருந்த ரெக்கார்டு உடைஞ்சுது. பன்டிங்தான் வின்னிங்னு டிஷர்ட்டே போட்டுத் திரிஞ்சாங்க ஜனங்க. பன்ட்டுக்குக் கைதட்டுற ஸ்டேடியம்னு அவங்களை நான் கிண்டல் பண்றதுண்டு, ஆனா அவர் உதைக்கிறது அவ்ளோ அழகா இருக்கும், பந்து போய் எதிராளி கோடு கிட்ட நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கும். ஒரு டீம்ல பன்டர் பேரு ஊருக்கே தெரியுதுன்னா ஆஃபென்ஸ் எப்படி இருக்கும்னு வேற எந்த நம்பரும் வேணாம்.

அப்புறம் இந்த அப்பா பிள்ளை விவகாரம். சொந்தக்காரங்களுக்கு மேலதிகாரியா இருக்கக் கூடாதுன்னு அங்க ரூல் இருக்கு, அதனால பேப்பர்ல பிரையன் அப்பாவுக்குக் கீழ இல்ல, அத்லெடிக் டைரக்டருக்குக் கீழ. விளைவு என்னாச்சு? தினமும் கூட வேலை பார்க்கிற அப்பா மார்க் போட முடியாது, மார்க் போடுற டைரக்டர் கிட்ட அந்த 25ங்கிற நம்பரைத் தவிர ஒண்ணும் இல்ல. அந்த விசித்திரமான கண்டிஷன் முளைச்சதே இந்த சந்துலதான்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: சரி, பாயின்ட் பொய் சொல்லுதுன்னா எதைத்தான் பார்க்கிறது? புதுசா பார்க்க ஆரம்பிச்சவனுக்குப் புரியுற மாதிரி.
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, முதல்ல "மேட்சுக்கு எத்தனை"ங்கிற எந்தக் கணக்கையும் நம்பாதே. வேகமா ஆடுற டீமுக்கு மேட்சுக்குப் பந்து கையில கிடைக்கிற தடவையே அதிகம், அதனால பாயின்ட்டும் யார்டும் தானா ஏறும். பத்து ஓவர்ல 80 ரன்னும் இருபது ஓவர்ல 80 ரன்னும் ஒண்ணா? அதனால ஒரு பிளேக்கு எத்தனை யார்டு, ஒரு டிரைவுக்கு எத்தனை பாயின்ட்னு பாரு. டிரைவ்னா பந்து கைக்கு வந்ததுல இருந்து கையை விட்டுப் போற வரைக்கும். டிஃபென்ஸ் போட்ட டச்டவுன் இதுல ஒட்டிக்க முடியாது.

அடுத்தது சக்சஸ் ரேட். மூணாவது டவுன்ல 8 யார்டு வேணுங்கிறப்ப 5 யார்டு ஓடுனா ஸ்கோர்கார்டுல அது நல்ல ஓட்டம், நிஜத்துல தோல்வி, அடுத்து பன்ட்தான். அதனால முதல் டவுன்ல தேவையானதுல பாதி, ரெண்டாவதுல 70 சதவீதம், மூணாவது நாலாவதுல முழுசும் எடுத்தாத்தான் அந்த பிளே சக்சஸ்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. இதை ஒரு நோட்டுல நீயே போடலாம், நான் போட்டிருக்கேன், ரெண்டு மேட்ச் போட்டா கண்ணு பழகிடும். எதிராளி யாருன்னும் பாரு, சின்ன காலேஜை செப்டம்பர்ல 50 பாயின்ட் அடிச்சதை வெச்சு நவம்பருக்கு ஜோசியம் சொல்லாதே.

நம்பர்ல வராத ஒண்ணு இருக்கு. ஹாஃப்டைமுக்கு அப்புறம் முதல் டிரைவைப் பாரு. முதல் பாதில எதிராளி தடுத்ததுக்கு மாத்து வழி கொண்டு வந்திருக்காங்களா, இல்ல அதே பிளேயையே திரும்ப ஓட்டுறாங்களா? ஸ்டாஃபோட மூளை அங்கதான் தெரியும்.

கேள்வி: எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) 2019 டீமைத்தான் எல்லாரும் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆஃபென்ஸ்ங்கிறாங்க. அது கோச் செஞ்ச மாயமா, ஜோ பர்ரோ செஞ்ச மாயமா?
(வாசகர், சென்னை)

பதில்: இதுல ஒரு முடிவுக்கு வந்தேன்னு சொன்னா பொய். நடந்ததைச் சொல்றேன், நீங்களே பிரிச்சுப் பாருங்க, பிரிக்க முடிஞ்சா எனக்கும் எழுதுங்க.

2018ல குவார்ட்டர்பேக் பர்ரோ ஒஹையோ ஸ்டேட்ல இருந்து வந்து ஆடின முதல் வருஷம், 16 டச்டவுன் பாஸ், எறிஞ்சதுல 57.8 சதவீதம் சேர்ந்துச்சு, சுமார்தான். 2019 ஜனவரில ஹெட் கோச் எட் ஓர்ஜரான் என்எஃப்எல் டீம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ல இருந்து ஜோ பிரேடின்னு 29 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். ஏற்கனவே இருந்த கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரை அனுப்பல, ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. வயசானவர் சின்னப் பையனோட ஐடியாவுக்கு இடம் விட்டாரு பாருங்க, எனக்கு அந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அதுதான், எத்தனை ஆபீஸ்ல இது நடக்கும்? ரிசீவர்களை மைதானம் முழுக்க அகலமாப் பரப்பி நிறுத்தி, எங்க ஆள் இல்லன்னு பார்த்து பர்ரோவே முடிவு பண்ணி எறியுற மாதிரி மாத்தினாங்க. அந்த வருஷம் 60 டச்டவுன் பாஸ், 76.3 சதவீதம், 15க்கு 15 வெற்றி, ஃபைனல்ல கிளெம்சனை 42-25. செமிஃபைனல்ல ஓக்லஹோமா மேல முதல் பாதியிலயே 7 டச்டவுன் பாஸ். அந்த வருஷ பிராய்ல்ஸ் அவார்டு பிரேடிக்கு.

அப்ப கோச்தானேன்னு சொல்லத் தோணும். ஆனா பந்தைப் பிடிச்சது யாரு? ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன். முன்னாடி நின்ன லைனுக்கு அந்த வருஷம் நாட்டுலயே சிறந்த லைன்னு ஜோ மூர் அவார்டு. 2020 டிராஃப்ட்ல அந்த டீம்ல இருந்து 14 பேர் போனாங்க, பிரேடியும் என்எஃப்எல்ல கரோலினா பேந்தர்ஸ்க்குப் போயிட்டார், மிச்சம் இருந்த எல்எஸ்யு 2020ல 5 ஜெயிச்சு 5 தோத்துச்சு. 2021 சீசன் முடியுறதுக்குள்ள ஓர்ஜரானையும் போகச் சொல்லிட்டாங்க. கப்பு தூக்கி ரெண்டு வருஷம் ஆகல!

பிரேடி மட்டும் என்ன வாழ்ந்தார்? கரோலினாவுல நிலையான குவார்ட்டர்பேக் இல்ல, 2021 டிசம்பர்ல சீசன் நடுவுலயே எடுத்துட்டாங்க. அப்புறம் பஃபலோவுல ஜோஷ் ஆலன் கிடைச்சார், 2024ல ஆலன் எம்விபி (லீக்கோட சிறந்த பிளேயர்), பிரேடி மறுபடி ஜீனியஸ். நல்ல குவார்ட்டர்பேக் வாய்ச்சா எல்லா கோச்சும் மேதைன்னு ஒருத்தர் வாதாடலாம்தான். அதுக்கு என் பதில், 2018லயும் எல்எஸ்யு கிட்ட அதே பர்ரோதானே இருந்தார்.

கேள்வி: கோச்சுங்களுக்கு வேலையை விட்டுத் தூக்கினாலும் காசு குடுப்பாங்களாமே?
(வாசகர், ஈரோடு)

பதில்: ஆமா, அதுக்குப் பேரு பையவுட். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பர்ல ஜிம்போ ஃபிஷரை அனுப்ப கிட்டத்தட்ட 76 மில்லியன் டாலர் பாக்கி வெச்சுது. அவரும் ஆஃபென்ஸ் நிபுணர்னு பேர் வாங்கி வந்தவர்தான். வேலை செய்யாம இருக்கிறதுக்கு 76 மில்லியன், நாமெல்லாம் தப்பான படிப்பு படிச்சுட்டோம்.

கேள்வி: மறுபடியும் நான்தாங்க. பையன் இப்ப படிப்பு முடிச்சு டெ மாய்ன்ல வேலைக்குப் போறான். அந்த பிரையன் போனப்புறம் டீம் தேறிடுச்சா? போன்ல இப்ப கொஞ்சம் சிரிச்சுப் பேசுறான், அதான் கேட்டேன்.
(அதே அம்மா, கோயம்புத்தூர்)

பதில்: சிரிக்கிறதுக்குக் காரணம் வேலையாக்கூட இருக்கலாம்மா! ஆனா டீமும் தேறுச்சுதான். 2024க்கு டிம் லெஸ்டர்னு புது கோஆர்டினேட்டர் வந்தார், ஹெட் கோச் அதே கர்க். சராசரி 27.7 பாயின்ட். பிரையனுக்குக் குடுத்த டார்கெட்டை அவர் எந்த டார்கெட்டும் இல்லாம தாண்டிட்டார். கேலப் ஜான்சன்னு ஒரு ரன்னிங் பேக், 2023ல அடிபட்டு இடைல உட்கார்ந்து 500 யார்டு கூட ஓடாதவர், 2024ல 1,537 யார்டு, ஓடியே 21 டச்டவுன். ஸ்னாப்புக்கு (பிளேயை ஆரம்பிக்கப் பந்தைப் பின்னாடி குடுக்கிறது) முன்னாடி ரிசீவரை அங்க இங்க நகர்த்தி டிஃபென்ஸைக் குழப்புறது, லைன் தள்ளுற திசைக்கு ஏத்த மாதிரி வெட்டி ஓட விடுறதுன்னு லெஸ்டர் செஞ்சது பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல, மத்த டீமெல்லாம் ரொம்ப நாளா செஞ்சுட்டு இருந்ததுதான். அப்பா மேல தப்புன்னு மேல நான் சொன்னதுக்கு இது கொஞ்சம் இடிக்குது, ஒத்துக்கிறேன், திருநெல்வேலி வாசகி கையில இதுக்கு எனக்குக் கிடைக்கும். ஆனா 2024லயும் பாஸ் எறியுறது மட்டும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடுத்த தடவை பையன் போன்ல மறுபடி புலம்புனா, அன்னைக்கு மூணாவது டவுன்ல பாஸ் எறிஞ்சிருப்பாங்க.